ரோசா அன்ரியின் சொல்

பழைய படமொன்றின் பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து: "ஏவன்டேல். பிள்ளைக்கு ஜக்கெற் கிடைச்ச நாள்." எதற்கும் நாள் குறித்து வைக்கும் எனக்கு, ஆண்டில்லாத இந்தக் குறிப்பு இன்றும் உறுத்துகிறது. படத்தை எடுத்தாலே அந்துருண்டையின் நெடி மூக்கில் ஏறும். படத்தில் என் முழங்கால்வரை தொங்கும் அந்த ஊதாக் குளிர் ஜக்கெற், அடுத்த வீட்டு ரோசா அன்ரியின், வளர்ந்து வெளியூர் போய்விட்ட மகளுடையது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏவன்டேலுக்கு அகதிகளாக வந்த எங்களைக் காணும்போதெல்லாம் ரோசா அன்ரி என் கன்னத்தைத் தடவி, உச்சுக்கொட்டி, "கொய்த்தாதீஞ்ஞா" என்பார்.

"என்னவாம் அம்மா?"

"பாவமாம். முகத்தைப் பார்த்தா விளங்கேல்லையே?"

அப்பா சிரித்தார். "பாவம் பாக்கிறபடியாத்தானே ஜக்கெற் வருது. பேசாம வாங்கும்."

அம்மா சிரிக்கவில்லை. ஊரில் கொடுத்துப் பழகிய கை அது. ரோசா அன்ரியிடமிருந்து சூப் வந்த சட்டியை வெறுமையாக அனுப்பாமல் வடை நிரப்பி அனுப்பிவிடலாம். ஜக்கெற்றுக்குள் எதை நிரப்புவது? அந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு குளிர்காலமாவது கழிய வேண்டும் என்பதே அவர் ஆசை.

மறு குளிர்காலத்தில் ரோசா அன்ரி படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். புட்டும் பருப்புக்கறியும் எடுத்துக்கொண்டு என்னுடன் போன அம்மா, கட்டுப்போட்ட கையைக் கண்டதும் உச்சுக்கொட்டினார்.

"ஐயோ பாவம், தனிய இருந்து..."

தமிழில் ஒரு சொல்லும் அறியாத ரோசா அன்ரி நிமிர்ந்தார். "நோ. மீ, நோ கொய்த்தாதா."

அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல. எனக்கு ஜக்கெற் மாட்டிவிடும்போது அம்மாவின் முகத்தில் நான் கண்ட அதே வெட்கம்.

திரும்பும் வழியில் அம்மா, "நானும் அதைத்தானே செய்தனான்" என்றார், என்னைப் பாராமல்.

அதன்பின் அந்தச் சொல்லும் வரவில்லை, ஜக்கெற்றும் வரவில்லை. கழுவிய சட்டி நிறைய எலுமிச்சம்பழம் வந்தது.

இப்போது அதே நகரின் ஹில்ஸ்பரோவில் இருக்கிறேன். ஏவன்டேலில் அந்த இரண்டு வீடுகளும் இடிபட்டு, வரிசை வீடுகள் எழுந்துவிட்டன. அகராதிகளில் தேடினேன்: "கொய்த்தா" என்றால் துயரம், துயருற்றவள் "கொய்த்தாதா", சிறுமியானால் "கொய்த்தாதீஞ்ஞா". நெருக்குதல் என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்ததென்று சிலர் சொல்கிறார்கள். போர்த்துக்கல்லிலும் பிரேசிலிலும் ஸ்பெயினின் கலீசியாவிலும் வழங்கும் சொல்.

ரோசா அன்ரி இவற்றில் எங்கிருந்து, எதற்காக வந்தார்? எங்கள் ஊரை, போரை, வந்த வழியை அவர் கேட்டறிந்திருந்தார். நாங்கள் ஒருமுறையும் கேட்கவில்லை. அண்மையில் அம்மாவிடம் விசாரித்தேன்.

"ஸ்பெயினாக்கும்" என்றார்.

உறுதிசெய்ய இயலவில்லை.