நகராத ஆரஞ்சு

மலைப்பாதையில் குதிரைவெட்டி தாண்டும்போதே கண்ணில் பச்சை ஒட்டிக்கொண்டுவிட்டது. முதுகில் ஆளுக்கொரு பை. முன்னால் அண்ணன், பின்னால் நான். இரண்டு நாளாக அவனோடு நான் பேசவில்லை.

அவனுக்கு டெல்லியில் வேலை கிடைத்ததை எஸ்.டி.டி. பூத் அண்ணாச்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கூடப்பிறந்தவளிடம் சொல்ல வாய் வரவில்லை, தெருவுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது! அம்மா இல்லாத வீடு. அப்பா வாதத்தில் படுத்திருந்தார். இவனும் போய்விட்டால் நான் ஒருத்திதான். அத்தையை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு, மலைமேல் ஏரி பார்த்து வருவோம் என்று கூப்பிட்டான். உர்ரென்றுதான் கிளம்பினேன்.

மேல் கோதையாறு ஏரியைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. ஓரத்தில் வாழைக்குருத்துப் பச்சை, நடுவில் மயில்கழுத்து நீலம், எதிர்ச்சரிவின் கீழே புளி போட்டுத் தேய்த்த செம்புக்குடத்தின் நிறம். ஒரு மேகம் நகர்ந்தால் மூன்றும் இடம் மாறின. விழித்திருக்கிறேனா என்றே சந்தேகம் வந்தது.

அண்ணன் தள்ளியிருந்த பாறைக்குப் போனான். பஸ்ஸில் குமட்டாமலிருக்க வாங்கிய ஆரஞ்சைத் தண்ணீரில் விட்டான். எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி ஆற்றில் சின்ன வயதுச் சண்டையெல்லாம் அப்படித்தான் முடியும். தப்புச் செய்தவர் மேல்படித்துறையில் நின்று எதையாவது மிதக்கவிட வேண்டும். கீழ்ப்படித்துறையில் நிற்பவர் பிடித்துவிட்டால் சமாதானம். விட்டுவிட்டால் அது ஆற்றோடு கீழே ஸ்ரீவைகுண்டம் ஊருக்குப் போகும், சண்டையும் நீளும்.

பிடிக்கக் கூடாது என்றுதான் நின்றேன். ஆனால் ஆரஞ்சு வரவில்லை. பச்சைத் தண்ணீரில் அப்படியே கிடந்தது. அது வரும் வரும் என்று இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆற்றங்கரைப் புத்தி வேறு எப்படி இருக்கும்!

"ஏட்டி, இது ஓடுத தண்ணி இல்லல்லா," என்றான். "நீ போவாதன்னு சொன்னா நான் போவல."

ஆறாக இருந்தால் கொண்டுபோயிருக்கும், பிடிக்காத பழியும் ஆற்றோடு போயிருக்கும். இது என் கண்முன்னாலேயே கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, பாவாடையை இழுத்துச் செருகி இறங்கினேன். குளிர் எலும்பைப் பிடித்தது. இடுப்பளவு ஆழத்தில் ஆரஞ்சு கைக்கு எட்டியது.

"போய்ட்டு வாண்ணே. அப்பாவ நான் பாத்துக்கிடுதேன்."

கரையேறி ஆரஞ்சை நீட்டினேன். அண்ணன் உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தான். ஒரே புளிப்பு. ஒரு சுளை மிச்சம் வைக்காமல் தின்றோம்.