லாஃப்ட்டில் ஏறாத சர்வர்

போன வார மழையில் எங்கள் கீழ்க்கட்டளை வீட்டில் ஒரு உண்மை தெரியவந்தது. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர் கேபினெட் லாஃப்ட்டில் ஏறாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? நீங்கள் மேட்டுப் பகுதியில் குடியிருப்பவர் போலிருக்கிறது. எங்கள் பக்கம் புயல் என்று டிவியில் சொன்னதுமே வேலை ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜுக்கு அடியில் செங்கல், மிக்ஸி லாஃப்ட்டுக்கு, பத்திரங்கள் பிளாஸ்டிக் கவருக்குள்... இங்கே எதை வாங்கினாலும் அது மேலே ஏறுமா என்று முதலில் பார்ப்பார்கள். நான் பார்க்கவில்லை.

நான் பார்த்ததெல்லாம் வேறு. வீட்டிலுள்ள போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து, டிவியில் பார்க்க வேண்டும் — அதற்கு நானே பாகங்கள் வாங்கி ஒரு சர்வர் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது என்று முடிவு. கரண்ட் குறைவாக இழுக்கும் பிராசஸர் எது, சத்தம் போடாத ஃபேன் எது என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி. கல்யாணத்துக்குப் பெண் தேடியபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் இரண்டு. இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று மனைவி ஸ்டெல்லாவுக்கு வகுப்பே எடுத்தேன். அவள் டீச்சர்... பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பெட்டியில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் கல்யாண வீடியோ. அதில் அவள் அப்பா அவள் கையைப் பிடித்து சர்ச்சுக்குள் கூட்டிவருவார். பாதி வழியில் நின்று, கேமராக்காரரிடம் சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பார். மாமனார் இப்போது இல்லை. அந்த கேசட்டும் பழைய வெள்ளத்தில் போய்விட்டது. முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்ததால் வீடியோ மட்டும் தப்பித்தது.

மழை பிடித்துக்கொண்டதும் ஸ்டூல் போட்டுக் கேபினெட்டைத் தூக்கினேன். நேராக, படுக்கையாக, சாய்வாக... ம்ஹூம். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா கேட்டாள்.

"ரெண்டு டிஸ்க்கும் எங்கங்க இருக்கு?"

"இந்தப் பெட்டிக்குள்ளதான்."

"அப்ப முழுகினா ரெண்டும் சேர்ந்துதான முழுகும்?"

சொல்வதற்கென்ன, பயந்துவிட்டேன். ஆராய்ச்சியெல்லாம் செய்த மனுஷனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டு டிஸ்க்கையும் கழற்றினேன். ஒன்று முறுக்கு டப்பாவுக்குள் உட்கார்ந்து லாஃப்ட் ஏறியது. இன்னொன்றை, தெருவில் தண்ணீர் சேர்வதற்குள், பைக்கில் பெருங்களத்தூருக்குக் கொண்டுபோனேன். ஸ்டெல்லாவின் அண்ணன் அங்கே மூன்றாவது மாடியில் இருக்கிறார். வாங்கி, பைபிளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

நல்லவேளை... தண்ணீர் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. மிக்ஸி இறங்கியது. முறுக்கு டப்பாவும் இறங்கியது. மறுபடி சர்வரை மாட்டலாம், பெருங்களத்தூர் போய் அந்த டிஸ்க்கை எடுத்துவருகிறேன் என்று பைக் சாவியைத் தேடினேன்.

"வேணாங்க," என்றாள் ஸ்டெல்லா. "அப்பா கொஞ்ச நாள் அண்ணன் வீட்லயும் இருக்கட்டும்."