புற்றுக்குப் பக்கத்தில் அக்கா

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் போன் பாகங்கள் பூட்டும் வேலையில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் மலை சைக்கிள் போட்டிக்குப் பேர் கொடுத்தோம் என்றால், அது முழுக்க என் கூட வேலை பார்த்தவள் செய்த காரியம். அவள் வடமாலபேட்டைப் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஒரு கிராமத்துக்காரி. என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் நகரியில் விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பெண். லீவு நாட்களில் ஏர்பேடு மண் ரோட்டில் சேர்ந்து ஓட்டிப் பழகினோம். சமதரையில் அவளுக்கு நான் சளைத்தவள் இல்லை. இறக்கம் என்றால் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு வருவேன்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே மலைக்காட்டில் பகல் முழுக்க ஓட்ட வேண்டிய போட்டி. ஜோடியாகத்தான் ஓட்ட வேண்டும். ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவளும் அவுட்.

ஏற்றத்தை எப்படியோ மிதித்துத் தாண்டிவிட்டோம். உச்சியில் இருந்து பார்த்தபோது பாதை கற்களோடு சேர்ந்து கீழே விழுகிற மாதிரி இருந்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பயந்துக்கினு பிரேக்க இறுக்காத. என் பின்னாலயே வா" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினாள். ஒரு வளைவு வரை அவள் சிவப்புச் சட்டை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

நான் அந்த வளைவுக்கு வந்தபோது அவள் சைக்கிள் மட்டும் பாதையில் கிடந்தது. பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா!"

மறுபடி கத்த வாயைத் திறந்தபோது பாதைக்குக் கீழே, புதருக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "கத்தாதடி. எலுகுபண்டி."

கரடி. பயத்தில் அவளுக்குத் தெலுங்குதான் முதலில் வந்திருக்கிறது.

அவள் ஒரு பாறையை ஒட்டி விழுந்து கிடந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம், கல்லெறி தூரம்கூட இருக்காது, கரேலென்று ஒரு முதுகு. கரையான் புற்றில் மூக்கை நுழைத்து உறிஞ்சும் சத்தம் மேலே பாதையில் நின்ற எனக்கே கேட்டது.

"நீ மெதுவா பின்னால போய்டு" என்றாள். "எனக்கு கால் ஊன வரல."

நான் போகவில்லை. இதைக் கேட்டவர்கள் எல்லாம் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். உண்மை என்னவென்றால் என் கால்கள் நகரவில்லை. ஒரே ஒரு நினைப்புதான்: அது திரும்பினால் முதலில் அவளைத்தான் பார்க்கும்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. மேலே இன்னொரு ஜோடி சத்தமாகப் பேசிக்கொண்டு வரும் ஓசை கேட்டது. கரடி தலையைத் தூக்கியது. அதன் வெளிறிய மூஞ்சி என் பக்கம் திரும்பியது. பிறகு ஒரு உறுமல். புதர்கள் நசுங்க அது ஓடைப் பக்கமாக இறங்கிப் போயிற்று.

வந்த இரண்டு பையன்களும் நானுமாக அவளை மேலே தூக்கினோம். கணுக்கால் வீங்கிவிட்டது. அவர்கள் கீழே போய் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அக்கா புதரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க உக்காந்துக்கினு இருக்க என்னால முடியாது. நீ முன்னால போ. நான் ஒத்தக் கால ஊனிக்கினு சைக்கிள உருட்டிக்கினே வரேன்."

அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. அதனால்தான் முன்னால் போனேன். ஒவ்வொரு கல்லிலும் செத்துப் பிழைத்தேன். சருகு சரசரத்தால்கூட பிரேக்கைப் பிடித்தேன். ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். சிவப்புச் சட்டை வந்துகொண்டே இருந்தது.

நாங்கள் அடிவாரம் சேர்ந்தபோது நேரம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜோடி கணக்கில் வரவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டுப் போட்டு, அவள் தம்பியோடு அனுப்பிவிட்டு, நான் நகரிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார். "என்னாம்மா, ஜெயிச்சியா?"

"இல்ல நைனா."

"அதுக்கா அழுவுற?"

அவர் சொன்ன பிறகுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.