இடது பக்கத்துப் பெஞ்சு

லார்மோ
வியாழக்கிழமை காலை

அன்புள்ள அல்சீத் அவர்களுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. கூட்டுவதற்கு எனக்குத் தெம்பும் இல்லை.

முதலில், போன சனிக்கிழமை ஏரியைக் கடந்தபோது எங்கள் பழைய பனி வண்டியில் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கில் என் கணவர் ரொமுவால். அவருக்குப் பக்கத்து இருக்கையில் அவர் தம்பி ஓவிலா. பின்னால், வலது பக்கத்துப் பெஞ்சில் நான். எனக்கு எதிரே இருக்கும் இடது பக்கத்துப் பெஞ்சில் யாரும் இல்லை. என் கையுறைகூட அதன்மேல் இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வலது பெஞ்சு ரொமுவால் புதிதாகச் செய்தது. இடது பெஞ்சின் இரும்புச் சட்டம் எங்கே கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியும். பழைய இரும்புக் கடையில் ஜோடியாகக் கிடந்தது. இடதை நாங்கள் எடுத்தோம். வலதை நீங்கள் எடுத்தீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பனித் திருவிழாவில், பள்ளிப் பிள்ளைகளை உங்கள் வண்டியில் அந்த வலது பெஞ்சில் உட்காரவைத்து, உறைந்துகிடக்கும் மலார் ஏரியைக் கடக்கப் போகிறீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லப் பார்த்தேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். நேரில் வந்தாலும் சிரிப்பீர்கள். உங்கள் மனைவி காப்பி கொடுப்பார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன். ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை பழைய பனி வண்டிகளின் ஊர்வலம். அன்று நீங்கள் வரவில்லை. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ராத்திரி வேலை முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஏரிக்கரைக்கு வந்திருந்தேன். மூன்று குளிர்காலம் அந்த வண்டியோடு மாரடித்திருக்கிறோம். அழுகிய பலகைகளைப் பிரித்தது, எஞ்சினை இறக்கி ஏற்றியது, ரப்பர் பட்டைகளில் இரும்புக் குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றியது. அதெல்லாம் முடிந்து முதல் ஓட்டம். வராமல் இருக்க முடியுமா?

கரையில் ஓவிலா கூரைமேல் ஏறி நின்றிருந்தான். பழைய தபால் டிரங்குப் பெட்டி ஒன்றையும் இரண்டு ஜோடி மரச் சறுக்குக் கட்டைகளையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு அண்ணி? ராஜா வண்டி மாதிரி இல்ல?"

"வாடகை குடுக்காம வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடுற மாதிரி இருக்கு."

"பாருங்க அண்ணே, உங்க பொண்டாட்டிக்கு ரசனையே இல்ல."

"இருந்தா என்னைக் கட்டியிருப்பாளாடா? கயித்தை இறுக்கு."

உறைந்த ஏரிமேல் வண்டி இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று இந்த ஏரிக்கரைக் குழந்தைக்கும் தெரியும். எவ்வளவு குளிர் அடித்தாலும் ஏரிமேல் கதவைச் சாத்தக் கூடாது. பனி உடைந்தால் வெளியே குதிக்க வழி வேண்டும். இரண்டு கதவுகளையும் திறந்து கட்டிவைத்தோம். தலைக்கு மேலே, தப்பிக்க வைத்திருக்கும் கூரைக் கதவின் தாழ்ப்பாளையும் நானே நீக்கினேன். ஆனால் தாழ்ப்பாளை நீக்கிய கதவுக்கு நேர்மேலே அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் பார்த்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஊர்வலத்துக்கு அழகாக இருந்தது. அவ்வளவுதான்.

போகும்போது ஒன்றும் இல்லை. மற்ற வண்டிகளுக்குப் பின்னால் ஒழுங்காகப் போனோம். அக்கரையில் பட்டாணி சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டோம். திரும்பும் நேரத்தில் எங்கள் விசிறி பெல்ட் அறுந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் பெல்ட்டை மாற்றிப் புறப்படும்போது மணி மூன்று நாற்பது. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. காற்று தரைப்பனியைக் கிளப்பி விசிறியது. வழி காட்டப் பனியில் நட்டு வைத்திருக்கும் ஃபிர் மரக் கிளைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன.

கொஞ்ச தூரத்திலேயே ரொமுவால் முனக ஆரம்பித்தார்.

"இழுக்கவே மாட்டேங்குதே. காலைல நல்லாத்தானே ஓடுச்சு? டேய், கரையில யாரையாவது ஏத்திட்டியா?"

"அண்ணி குடிச்ச சூப்புதான். மூணு கிண்ணம்."

"உன் வாயில பனியை வெச்சு அடைக்க," என்றேன். சிரித்தோம்.

அதுதான் அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

எதிர்ப் பெஞ்சில் சத்தம் கேட்டது. கிர்ரீச்... மெத்தைக்குள் ஸ்பிரிங் அமுங்குகிற சத்தம். யாரோ பாரமாக உட்கார்ந்து, பிறகு எழுந்து நின்றது போல.

அந்தப் பெஞ்சில் ஸ்பிரிங் கிடையாது. பழையதை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ரப்பர் பஞ்சு வைத்துத் தைத்தவள் நான்தான்.

களைப்பில் காது தன்பாட்டுக்குக் கேட்கிறது என்று நினைத்தேன்.

பிறகு வாசனை. புதிதாய் அறுத்த மரம். ஈர மரத்தூள். வியர்வை ஊறிய கம்பளிச் சட்டை. நடு ஏரியில், எதிர்க்காற்றில், எங்கிருந்து வரும் மரத்தூள்?

அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது.

அதை எப்படி எழுதுவது... நான் களைத்துத்தான் இருந்தேன். ராத்திரி முழுக்க ஈரத் துணி தூக்கியவளுக்குத் தன் களைப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். முதுகில் இருக்கும். பாதத்தில் இருக்கும். இது வேறு. இது வெளியிலிருந்து வந்தது. ஒரு கனத்த கோட்டை யாரோ கழற்றி என் தோளில் போட்டது போல. எனக்குத் தெரியாத வலிகள். நான் ஒருநாளும் தூக்காத எதையோ தூக்கிய வலி.

எஞ்சின் புகை மயக்கம் என்று சொல்வீர்கள். இரண்டு கதவுகளும் திறந்திருந்தன, அல்சீத். பனித்தூள் என் மடியில் குவிந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில் எந்தப் புகை நிற்கும்?

ஓவிலாவின் தலை கண்ணாடியில் சாய்ந்தது. வாய் திறந்திருந்தது.

"ரொமுவால்," என்றேன். குரல் பாதிதான் வந்தது.

"ம்."

"தூங்காத."

"இல்ல... இல்ல..."

நான் எதிர்ப் பெஞ்சைப் பார்த்தேன்.

மெத்தையில் இரண்டு குழிகள்.

பக்கத்தில் பக்கத்தில். பாத அளவு. கூரைக் கதவுக்கு நேர்கீழே. நன்றாக அமுங்கி, தையல் இழுபட்டு நின்றது. ஒரு ஆள் ஏறி நிற்கிற குழி. ஆள் மட்டும் இல்லை.

தலைக்கு மேலே... டொக்.

கூரைக் கதவு ஒரு விரல் அளவு எழும்பியது. பெட்டியில் இடித்தது. விழுந்தது.

டொக்.

மறுபடி எழும்பியது. விழுந்தது.

டொக்... டொக்...

அவசரம் இல்லாமல். நெடுநேரமாகத் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்துபோன ஒருவர் தள்ளுவது போல. ஒவ்வொரு தள்ளலுக்கும் இடது குழி கொஞ்சம் ஆழமானது.

கத்தத் தோன்றவில்லை. பயம் இருந்தது. ஆனால் தூக்கத்துக்கு அடியில் எங்கோ கிடந்தது. 'சரி, தள்ளட்டும், நான் கொஞ்சம் கண்ணை மூடுகிறேன்' என்றுதான் தோன்றியது.

கண் மூடும் முன் வெளியே பார்த்தேன்.

ஃபிர் கிளைகள் இல்லை.

வலப்பக்கம் இல்லை. இடப்பக்கமும் இல்லை.

ரொமுவாலின் தாடை நெஞ்சில் கிடந்தது. கைகள் ஸ்டியரிங்கில். கால் ஆக்ஸிலரேட்டரில். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முன்னே பனி வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறம். ஆறு ஏரியில் கலக்கும் இடம். அங்கே பனி எவ்வளவு மெல்லிசு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கத்தினேன். சத்தம் வரவில்லை.

டொக்.

எழுந்தேன். பெஞ்சிலேயே விழுந்தேன். மறுபடி எழுந்தேன். தள்ளுகிறவர் வெளியே போனால்தான் இந்தத் தூக்கமும் விடும் என்று தோன்றியது. தையல் பையில் தோல் அறுக்கும் கத்தி இருந்தது. கதவுக்கு வெளியே உடம்பை நீட்டினேன். கூரை விளிம்பில் கயிறு கையில் பட்டது.

அறுத்தேன். அறுபடவில்லை. உறைந்திருந்தது.

டொக்.

அறுத்தேன்.

பெட்டி சரிந்தது. கூரையைச் சுரண்டிக்கொண்டு... பனியில் விழுந்தது.

கூரைக் கதவு படாரென்று திறந்தது.

உள்ளே பார்த்தேன். இடது குழி மெதுவாக மேலே வந்தது. பிறகு வலது குழி. மெத்தை சமமானது.

வண்டி துள்ளியது. ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் இறங்கியது போல அவ்வளவு லேசாக. எஞ்சின் சத்தமே மாறியது. ரொமுவால் திடுக்கிட்டு நிமிர்ந்து பிரேக்கை மிதித்தார். நின்றோம். வண்டியின் முன் சறுக்குக் கட்டைக்கு அப்பால் இரண்டு ஆள் நீளத்தில் பனிக்குமேல் தண்ணீர் மினுங்கியது. மணி நாலு இருபத்தைந்து.

"என்னடி பண்ணின?"

"கயித்தை அறுத்தேன்."

"எதுக்கு?"

"வெளிய போகணும்னு..."

"யாருக்கு?"

ஓவிலா திரும்பித் திறந்திருந்த கூரைக் கதவைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். எங்கள் தடத்திலேயே பின்னோக்கி ஓட்டி, கிளைகளைக் கண்டுபிடித்து, கரை ஏறினோம்.

செவ்வாய்க்கிழமை ஃபிலியாஸ் கிழவரைப் பார்க்கப் போனேன். முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஒரு காலத்தில் ஏரியில் மூழ்கிய வண்டிகளை எல்லாம் கப்பி போட்டு வெளியே இழுத்தவர் அவர்தான். பெஞ்சுச் சட்டத்தின் போட்டோவைக் காட்டினேன். பெஞ்சின் வளைந்த காலைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டார்.

"இது எங்க கிடைச்சுது உனக்கு? உருக்கப் போட்டாச்சுன்னுல்ல நெனச்சேன்."

"யாரு வண்டி ஐயா இது?"

"மர அறுவை மில்லு வண்டி. ரெட்டை ஷிப்டு பாத்துட்டு வந்த பசங்க. தூங்கணும், குளுருதுன்னு கதவைச் சாத்திட்டானுங்க. கூரை மேல பூரா அவனுங்க மூட்டை. ஆத்து வாய்ல எறங்கிருச்சு. வசந்தத்துலதான் இழுத்தேன்."

நான் கேட்டேன்.

"எப்படி இருந்தாங்க?"

"கேக்காத பொண்ணே."

"கேக்கணும் ஐயா."

"வண்டி இடப்பக்கமா சாஞ்சு உக்காந்துருந்துச்சு. காத்து வலது பக்கம் மேலதான் மிச்சம் இருந்துருக்கும். எல்லாரும் அங்க ஏறிட்டாங்க. ஒருத்தன் மட்டும் இடது பெஞ்சு மேல நின்னு கூரைக் கதவைத் தள்ளிட்டே இருந்துருக்கான். கை ரெண்டும் அப்படியே மேல..."

"இடதுல ஒருத்தர்தானா?"

"ஒருத்தன்தான்."

"வலதுல?"

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். பெயர்கள் ஞாபகம் வந்தன போலிருக்கிறது.

அல்சீத், எங்கள் பெஞ்சு இப்போது வெறும் பெஞ்சு. நேற்று முழுக்க எதிரே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதில் இருந்தவர் போய்விட்டார். அந்த ஒருவர் பாரமே எங்களை அவ்வளவு இழுத்தது.

போன மாதம் நீங்களே ரொமுவாலிடம் சொன்னீர்கள். எஞ்சின் புதுசு, ஆனாலும் ஆள் இல்லாத வண்டி மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது என்று. ஓட்டும்போது கண் சொக்குகிறது, வயசாகிவிட்டது என்றும் சொல்லிச் சிரித்தீர்கள். உங்களுக்கு வயசாகவில்லை.

அந்தப் பெஞ்சைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளைத் தரையில் கம்பளி விரித்து உட்காரவையுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் கூரையில் அலங்காரம் எதுவும் கட்டாதீர்கள். கூரைக் கதவைத் திறந்தே வையுங்கள். குளிர்கிறது என்று பிள்ளைகள் அழுதாலும் சாத்தாதீர்கள். நடு ஏரியில் ஒரு பிள்ளை 'தூக்கம் வருது' என்று சொன்னால், சமாதானம் சொல்லிக்கொண்டு ஓட்டாதீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எல்லாரையும் இறக்கி, நடத்தியே கரை சேருங்கள். நான் ஞாயிறு காலை அங்கே வந்து நிற்பேன். ஆனால் அதற்கு முன்பே நீங்கள் இதைப் படித்திருக்க வேண்டும்.

தபாலை நம்பவில்லை. ஓவிலா உங்கள் ஊர்ப் பக்கம் போகிறான். வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறான். உள்ளே வந்து உட்காருடா என்றால், வேண்டாம் அண்ணி, உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்கிறான். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். எடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. உறையில் போட்டு ஒட்டி அவன் கையில் கொடுக்கிறேன். உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும், நீங்கள் படித்து முடிக்கும்வரை நகரக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஜெர்மென்