நேசன் அண்ணாவின் இடது கை

நேசன் அண்ணா போய்விட்டார். வியாழக்கிழமை காலை, ஹார்ட் அட்டாக். அவர் மனைவி மாலா அக்காவின் போன் வந்தபோது ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். இதை டைப் செய்யும்போதும் நம்ப முடியவில்லை...

மெல்பர்ன் பேனா ஷோவுக்கு, அதாவது மை பேனாக் கண்காட்சிக்கு, வருகிறவர்களுக்குப் பெயர் சொன்னால் தெரியாமல் இருக்கலாம். இடது கை ஓரம் முழுக்க நீல மை அப்பிய ஸ்ரீலங்கன் அங்கிள் என்றால் தெரியும்.

இடது கைக்காரர். மை பேனாவில் எழுத எழுத, எழுதியதைத் தன் கையாலேயே துடைத்துக்கொண்டு போவார். அந்த மனுஷனுக்குப் போய் மை பேனா என்றால் அப்படி ஒரு பைத்தியம்!

நான் முதன்முதலில் அந்த ஷோவுக்குப் போனது, வீட்டில் பொழுது போகாத ஒரு சனிக்கிழமை. புறநகரான பொயிண்ட் குக்கிலிருந்து அவ்வளவு தூரம் டிரைவ் பண்ணிப் போனால், ஹாலில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஒரு மேசையில் பேனாவை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "தமிழோ?" என்று இடது கையையே நீட்டிக் கை கொடுத்தார்.

என் கையும் நீலமாகிவிட்டது. "குறை நினைக்காதேங்கோ தம்பி, இனி நீங்களும் எங்கட ஆள்தான்" என்று சிரித்தார்.

அதன் பிறகு எந்த ஷோவையும் நாங்கள் விட்டதில்லை. அவரைக் கண்டாலே கடைக்காரர்களுக்குக் கிலி. எழுதிப் பார்க்க வைத்திருக்கும் நோட்பேட் பாழாகிவிடும். "காயட்டும் அண்ணா, கையை எடுங்க!" என்று நான் கத்திக்கொண்டே பின்னால் போவேன்.

"சீக்கிரம் காயுற இங்க் வாங்கலாமே அண்ணா?"

"அதில வடிவில்லை தம்பி, எழுத்து அழகா விழாது."

சரியான பிடிவாதக்காரர்...

ஷோ முடிந்து வெளியே வந்தால், கார் பார்க்கில் மாலா அக்கா வெட் வைப்ஸோடு நிற்பார். "கையைக் காட்டுங்கோ. புதுக் கார் சீற்றில மையைப் பிரட்டினா நடந்துதான் வீட்டுக்கு வரவேணும்!" அண்ணா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை நீட்டுவார். அக்கா திட்டிக்கொண்டே தேய்ப்பார். ஒருநாளும் முழுசாகப் போனதில்லை.

நேற்று ஃபியூனரல் பார்லரில் அண்ணாவைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். கோட், டை, வாரிய தலை... எல்லாம் நேர்த்தியாக இருந்தது. அக்கா அழவில்லை. அண்ணாவின் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் இப்பிடிக் கழுவினது? ஒரு பொட்டு மை இல்லை... இது அவற்ற கை மாதிரியே இல்லை தம்பி."

கையை விடாமலே என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, "உங்களிட்ட பேனை இருக்கோ?" என்றார்.

சட்டைப் பையில் இருந்தது. திறந்து கொடுத்தேன். அண்ணாவின் கை ஓரத்தில் அக்கா கோடு கோடாக இழுத்து, தன் விரலாலேயே பிரட்டிவிட்டார். அதன் பிறகுதான் அழுதார். நானும்.

காயட்டும் அண்ணா. இந்தத் தடவை யாரும் துடைக்க மாட்டார்கள்.

போய் வாருங்கள்...