விரல் நீள வெடிபொருள்

துபாயில் எங்கள் சத்வா வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பவர் பேங்கைப் பற்றிக் கேட்பார்கள். விமானத்தில் பெட்டியில் வைக்கலாமா, கையில் வைத்துக்கொள்ள வேண்டுமா? அடுத்தது சென்ட் பாட்டில், அதற்கடுத்தது ஊறுகாய். ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆபத்தான பொருட்களைத் தரம் பிரிப்பது என் வேலை. எது எரியும், எது அரிக்கும், எது வெடிக்கும் என்று பார்த்து, அதற்குரிய எண்ணைத் தேடி, பெட்டியில் லேபிள் ஒட்டச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் டாக்டருக்கு நேர்வது எனக்குப் பிறந்தநாள் விருந்துகளில் நேர்கிறது. பிரியாணித் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் கூடாது என்றால் முகம் சுருங்கும், பிறகு வேறு யாரையாவது கேட்டுவிட்டு எடுத்துப் போவார்கள்.

அந்தக் 'கூடாது' இந்த வருடம் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினி, பள்ளி ராக்கெட் குழுவில் சேர்ந்து, அட்டையில் தன் இடுப்பு உயரத்துக்கு ஒரு ராக்கெட் செய்தாள். பாலைவனத்தில் பறக்கவிட நாளும் குறித்தாகிவிட்டது. மோட்டார்களைப் பள்ளி அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது. மோட்டார் என்றதும் தண்ணீர் இறைப்பதை நினைக்க வேண்டாம். விரல் நீள அட்டைக் குழாய், உள்ளே கெட்டித்த வெடிமருந்து, அவ்வளவுதான். அங்கே அது விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கிறது, அதற்கென்று தனி எண்ணும் உண்டு. ஆனால் அந்த எண் அந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். வெளியே வந்தால், வெடிபொருள் என்ற பெரிய குடும்பத்தில் இது எந்தக் கிளை என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். சோதனைச் சான்று வேண்டும், இறக்குமதி அனுமதி வேண்டும். அனுப்பியவர் பழைய எண்ணையே போட்டு ஏற்றிவிட்டார். பெட்டி வந்து நின்றது எங்கள் கிடங்கில், நான் தினமும் பார்க்கும் கம்பி அடைப்புக்குள். எரிச்சலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அனுமதி கேட்டுப் போன அலுவலகத்தில் இருந்த அரபு இளைஞர் மரியாதையானவர். டீ வரவழைத்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், டாய்? ஆர் எக்ஸ்ப்ளோசிவ்?"

"ரெண்டும்தான் சார்" என்றேன் ஆங்கிலத்தில்.

"மாஃபி, நோ போத். ஒன்லி ஒன். டாய் என்றால் என்னிடம் ஏன் வந்தீர்கள்? எக்ஸ்ப்ளோசிவ் என்றால் ஸ்கூலுக்கு ஏன்?"

பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள் என்றேன். யார் மேலாவது விடப்போகிறார்களா என்று கவலையோடு கேட்டார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. அந்த நாற்காலியில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

நான் சிவகாசிக்காரி. தீபாவளி சமயத்தில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில், பட்டாசு கொண்டு செல்லக் கூடாது என்ற போர்டுக்குக் கீழேயே வெளியூர்க்காரர்கள் பட்டாசுப் பையோடு நிற்பார்கள். சேலை மடிப்புக்குள் சரவெடி, முறுக்கு டப்பாவுக்குள் புஸ்வாணம். கண்டக்டர் மோப்பம் பிடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே டிக்கெட் கொடுப்பார். அதை நாங்கள் சாமர்த்தியம் என்று நினைத்தோம். இன்றைக்கு என்றால் அந்த நிறைந்த பஸ்ஸில் நான் ஏற மாட்டேன்.

என் அண்ணன் செல்வம் அங்கே ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அவரிடம் போய் ஃபோனில் புலம்பினேன்.

"இம்புட்டுத்தானா? ராக்கெட் மருந்துக்கு நாம அமெரிக்காக்காரன் கையப் பாக்கணுமாக்கும்" என்றார். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, டியூட்டியில் இருக்கும்போது அவரிடமிருந்து வாட்ஸப்பில் குரல் பதிவு வந்தது. மருமகளுக்குக் குழாய் செய்து, மிளகாய்ப் பொடிக்குள் வைத்து ஒட்டி, கருப்பசாமியிடம் கொடுத்து விட்டாராம்.

கருப்பசாமி எங்கள் கிடங்கில் காண்ட்ராக்டில் சுமை ஏற்றுபவர், பக்கத்து ஊர்க்காரர், லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். இங்கே ஒருவர் ஊருக்குப் போனால் ரூமில் உள்ள எல்லோருடைய வீட்டுப் பார்சலும் அவரோடுதான் வரும். அடுத்தவர் பார்சலைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. அந்த மரியாதைதான் என் உயிரை வாங்கியது. உடனே கருப்பசாமிக்கு ஃபோன் போட்டேன்.

"மதுரை ஏர்போர்ட் வாசல்ல நிக்கேன்க்கா. லைன்ல."

"உள்ள போகாதீங்க. எங்கண்ணன் குடுத்த பார்சல்ல பட்டாசு மருந்து இருக்கு."

"பொடின்னுதானக்கா சொன்னாரு."

"அதை மட்டும் எடுத்துருங்க."

"எல்லாம் ஒண்ணுபோல டேப்பு சுத்திக் கெடக்குக்கா. எது யாருதுன்னே தெரியல."

"அப்ப மொத்தப் பையையும் வந்த வண்டிக்காரர்கிட்ட குடுத்துருங்க. உள்ள என்ன இருக்குன்னு சொல்லிக் குடுங்க."

கொடுத்துவிட்டார். ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டிய மனிதர், கையில் ஒரு சின்னப் பையோடு தொழிலாளர் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தார். விடுமுறை நாளில் மன்னிப்புக் கேட்கப் போனேன். அதிரசத்துக்குக் காத்திருந்தவர், மனைவி தைத்துக் கொடுத்த தலையணை உறைக்குக் காத்திருந்தவர் என்று எல்லோரும் கட்டில்களில் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு பொடிக்கு இம்புட்டுப் பயமாக்கா?" என்றார் ஒருவர்.

"பின்ன, ஜெயில்ல ஒக்காந்து பொடி திங்கவா?" என்று எனக்காகப் பதில் சொன்னது கருப்பசாமிதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் கோபித்துக்கொண்டார். துபாய் போய்ச் சொந்த ஊர் மருந்துக்கே பயப்படுகிறேனாம். அனுமதி அலுவலகத்தில் அமெரிக்கப் பெட்டிக்கு முடியாது என்று சொல்லி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதற்கான லேபிளை நான்தான் ஒட்டச் சொன்னேன். பாலைவனத்துக்குக் குறித்த நாளில் யாழினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

சமாதானமாகி அண்ணன் மறுபடி பேசினார். "லீவுக்கு வரும்போது ராக்கெட்டைத் தூக்கிட்டு வாங்க. இங்க விட்டுருவோம்."

யாழினியிடம் சொன்னேன். "அது மாமாவோட ஊர்மா" என்றாள். "ஐ வான்ட் டு ஃப்ளை இட் ஹியர். மை ஃப்ரெண்ட்ஸ் ஆர் ஹியர்."

ராக்கெட் இப்போது எங்கள் வீட்டு அலமாரியின் மேல் நிற்கிறது. வெறும் அட்டை, அதற்கு எந்த எண்ணும் தேவையில்லை, எந்த விமானத்திலும் போகலாம். அதற்கான மருந்து சிவகாசியில், அண்ணனின் ஆலையில். அது அங்கிருந்து நகரக் கூடாது. இவளோ இங்கிருந்து நகர மாட்டேன் என்கிறாள். இரண்டையும் சேர்க்க வழி உண்டா என்று அவரும் கேட்கிறார், இவளும் கேட்கிறாள். இருவருக்கும் கூடாது என்று சொல்ல இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.