காசியம்மாளுக்கு விட்ட இடம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஐந்து பேரை. வயிற்றில் வந்தது மூன்று, வாசலில் வந்தது இரண்டு. ஐந்து பேரையும் கரை சேர்த்தாயிற்று. இவ்வளவு பார்த்தவளுக்கு, செத்துப் போனவளிடமிருந்து போன் வந்தது போன வாரம்தான் முதல் தடவை.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசந்த நேரம். தெரியாத நம்பர். எடுத்தேன்.

“ஏண்டி சரோஜா… என் கருமாதி என்னிக்குன்னு சொல்லு. நானும் வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போறேன்.”

யாரென்று கேட்கத் தேவையே இல்லை. துண்டைக் கழுத்தில் போட்டு இழுக்கிற மாதிரி ஒரு குரல் – எனக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான் உண்டு.

“காசி! எங்கடி இருக்க?”

“மேல இருக்கேன். எமன் போனு குடுத்தான், பேசுறேன்.”

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. எதற்குப் பயம்? சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் வருவதெல்லாம் நான் சொல்ல, பேத்தி நித்யா எழுதுவது. பழைய வாசகர்களுக்கு இது தெரியும். ஆனால் பாட்டு என்று வந்தால் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வேலை. பொம்மை, ஊறுகாய் ஜாடி, கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைக் குமிழ்… எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் சூளைக்குள் போகும். அந்தக் காலத்துச் சூளை சும்மா இல்லை. பெரிய வட்டம், மேலே கோபுரம் மாதிரி கூரை. உள்ளே நின்று ‘உஸ்’ என்றால் போதும் – அந்தச் சத்தம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உன் காதுக்கே திரும்ப வரும். சுட்ட சாமானை வெளியே எடுத்து, அடுத்ததை அடுக்குவதற்கு முன்னால் உள்ளே பெருக்க வேண்டும். பெருக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆகிற நேரத்தை விடக் கூடவே எடுத்துக்கொள்வோம்.

ஏனென்றால், அங்கேதான் பாடுவோம்.

வீட்டில் பாட முடியுமா? மாமியார் இருப்பார். தெருவில்? கேட்கவே வேண்டாம். சூளைச் சுவர் கனம். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரிக்கு, ஏதோ மிஷின் ஓடுகிற மாதிரிதான் கேட்கும். அவரைத் திட்டித்தான் பாடுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. என் வரி இது:

“பொம்மைக்குக் கண்ணெழுதும் மேஸ்திரியே – உன்
பொண்டாட்டி கண்ணப் பாத்து நாளாச்சோ?”

ரோசாலி என்று ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுவாள். திங்கட்கிழமை சூளைக்குள் மேஸ்திரியை வைத்துப் பாடுவாள். இரண்டும் ஒரே ஸ்ருதி. அவள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். அதைச் சாப்பாட்டுக் கூடையில், சோற்றுத் தூக்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அப்புறம் என்ன? கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போனது. பெண்ணாடத்தில் கரும்பு வெட்டுகிற பெண்களிடம் போனது. லாரிக்காரர்களிடம் போனது.

ஒரு தடவை சென்னை போகிற வழியில் வேப்பூரில் பஸ் நின்றது. ரோட்டோர ஹோட்டல். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து பரோட்டா பிய்க்கிறார். கடை டேப் செட்டில் – என் குரல்! பொம்மைக்குக் கண்ணெழுதும் மேஸ்திரியே…

அவர் காதைத் தீட்டிக் கேட்டார். “யாரு பெத்த பொண்ணோ… வாயப் பாரு வாய!” என்றார்.

“ஆமாங்க, வாய் கொஞ்சம் நீளந்தான். சால்னா ஊத்தச் சொல்லட்டுங்களா?” என்றேன்.

கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் கேட்காமல் இருந்தாரோ… மனுஷன் மனசில் என்ன இருந்தது என்று யார் கண்டது?

பிறகு காஸ் சூளை வந்தது. சாமான் மட்டும்தான் உள்ளே போகும், ஆள் நுழைய முடியாது. நாங்கள் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற பின்கட்டுக்கு மாறினோம். ஜெனரேட்டர் ஓடுகிற சத்தத்தில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அதுவும் போய், இப்போது ரோசாலி வீட்டு மாடி. மேடை இல்லை, மைக் இல்லை, நோட்டீஸ் இல்லை. ஒளிந்து ஒளிந்தே பாடித் தீர்த்துவிட்டோம் ஒரு ஆயுசை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம்! நித்யா படிப்பது பாண்டிச்சேரியில். அவள் சிநேகிதன் கதிர், தலைமுடியைக் கொண்டை போட்ட பிள்ளை, கிடார் வாசிக்கிறவன். கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம் கூட்டிப் பாடுகிறார்கள். அவன் வந்து எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, “ஆயா, நாங்க இப்பதான் அண்டர்கிரவுண்டு. நீங்க அப்பவே அண்டர்கிரவுண்டு!” என்று குதித்தான். கேசட் எல்லாம் பூஞ்சை பிடித்து ஒட்டிப் போயிருந்தது. அதனால் நாங்கள் மிச்சம் இருக்கிற நாலு பேரைப் பாடச் சொல்லி, போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனான்.

வினை அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் பாட்டில் ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரு வரி. அவளவள் வரியை அவளவள்தான் பாட வேண்டும். அவள் வரவில்லையா? அந்த வரி நீளத்துக்கு மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்…’ என்று இழுப்போம். அந்த இடத்தைத் தாண்டிப் போக மாட்டோம். வேறு யாரும் எடுத்துப் பாடவும் மாட்டோம்.

இது வேலையிலிருந்து வந்த வழக்கம். சாமானைக் கை மாற்றிக் கை மாற்றித்தான் சூளைக்குள் அனுப்புவோம். வரிசையில் ஒருத்தி லீவு போட்டால், நகர்ந்து நின்று அந்த இடத்தை அடைக்க மாட்டோம். இந்தப் பக்கத்துக்காரி கையை நீட்டுவாள், அந்தப் பக்கத்துக்காரி எட்டி வாங்குவாள். நாளைக்கு வந்தால் அவளுக்கு இடம் வேண்டாமா?

இப்போது அந்தப் பாட்டில் மூன்று இடத்தில் ‘ம்ம்ம்’ வருகிறது. கதிர் கேட்டான், யார் யார் வரி என்று. பெயரைச் சொன்னேன். மூன்றில் இரண்டு பேர் நிஜமாகவே போய்ச் சேர்ந்தவர்கள். மூன்றாவது காசியம்மாள். அவள் கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தை எடுத்தபோது குடும்பத்தோடு வேறு காலனிக்குக் குடி போனாள்; வேலைக்கு வருவதும் நின்றது. செத்தவளுக்கும் அதே ம்ம்ம், உயிரோடு இருப்பவளுக்கும் அதே ம்ம்ம். நாலு கிழவிகள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால், பாவம், அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?

பாண்டிச்சேரியில் பெரிய திரையில் வீடியோவைப் போட்டு, “மறைந்த மூன்று பாடகிகளுக்கு அஞ்சலி” என்று சொல்லிவிட்டான். எல்லோரும் எழுந்து நின்று போன் லைட்டைக் காட்டினார்களாம். அது அப்படியே நெட்டில் ஏறி, காசியம்மாள் காலனிக்கே போய்ச் சேர்ந்தது.

இப்போது என் பயம் புரிகிறதா? ஞாயிற்றுக்கிழமை கதிர் மெஷினோடு வந்து பாட்டை ஒழுங்காக ரெக்கார்டு பண்ணுவதாக ஏற்பாடு. காசியம்மாள் கோபத்தில் வராமல் போனால், அவள் இடத்தில் அந்த ம்ம்ம் நிலைத்துவிடும். உயிரோடு இருப்பவள் ஆயுசுக்கும் செத்தவளாகவே கேட்டுக்கொண்டிருப்பாள்.

மறுநாளே ரோசாலியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

காசியம்மாள் காலனி வீட்டில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முடி பூராவும் வெளுத்து, பாதியாக இளைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

“வாங்க. எழவு வூட்டுக்கு வெறுங்கையோடவா வருவீங்க? மால எங்க?”

“வாயி மட்டும் அப்படியே இருக்குது பாரு இவளுக்கு” என்றாள் ரோசாலி.

மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “நான்தாங்க போன காட்டினேன். ‘அத்த, நீங்க செத்துட்டீங்களாம், பாருங்க’ன்னேன். மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ராத்திரி சோறு வேணாம்னுட்டாங்க.”

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு எங்கள் வழக்கம் தெரியாது என்று சொன்னேன். அவள் காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

“கருமாதிக் கோவமெல்லாம் அப்புறம்டி. நான் இந்தண்ட வந்த மறுநாளே எவளாவது என் வரிய எடுத்துருப்பான்னு நெனச்சேன். அந்த வீடியோவுல என் எடம் வந்துச்சு… நாலு பேரும் ம்ம்ம்னு இழுத்தீங்க. அத மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன்.”

“பின்ன ஏண்டி ஒரு நாளும் வரல?”

“நீங்க கூப்புடல.”

“நீ வருவேன்னு பாத்தோம்.”

“நான் கூப்புடுவீங்கன்னு பாத்தேன்.”

யோசித்துப் பாருங்கள். கூப்பிட்டால் வரலாம் என்று ஒருத்தி, வந்தால் பாடலாம் என்று நாலு பேர். நடுவில் ஒரு பஸ் டிக்கெட் தூரம். எத்தனை வீட்டில் இந்தக் கதை ஓடுகிறது!

“சரி, வுடு. ஞாயித்துக்கெழம வந்து பாடு” என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னாள். “மறந்துடுச்சுடி.”

“என்னாது?”

“என் வரி. எவ்ளோ இழுத்துப் பாத்தும் வர மாட்டேங்குது.”

ரோசாலிக்கு வாய் துறுதுறுத்தது. அவளுக்கு அந்த வரி தெரியும். எனக்கும் தெரியும். சூளைக்குள் எத்தனை நாள் கேட்டிருப்போம்! நான் ரோசாலி தொடையில் கிள்ளினேன். காசியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“சொல்லிடாதீங்கடி. நீங்க சொல்லி நான் பாடினா, அது எனக்கு நீங்க போட்ட சோறு. என்னுது இல்ல.”

என்ன செய்வது? சொல்லவும் கூடாது, சொல்லாவிட்டால் வரவும் வராது. நான் கொத்தவரங்காய்த் தட்டைத் திருப்பிப் போட்டுத் தாளம் தட்டி, பாட்டை ஆரம்பித்தேன். ரோசாலி சேர்ந்துகொண்டாள். என் வரி, அவள் வரி, வராதவர்களுக்கு ம்ம்ம்… காசியம்மாள் இடம் வந்தது. அவளைப் பார்த்தோம். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. இழுத்துக்கொண்டு போய் முடித்தோம்.

மறுபடி ஆரம்பித்தோம். இப்போது அவள் விரல் தரையில் தட்டியது. இடம் வந்தது. வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

“வுட்டுடுங்கடி” என்றாள்.

“நாங்க வுட மாட்டோம். எங்களுக்கு வேற வேல இல்ல” என்றாள் ரோசாலி.

இன்னொரு தடவை. அந்த இடம் வந்ததும் நாங்கள் இழுக்க ஆரம்பிக்கிறோம்… துண்டைக் கழுத்தில் போட்டு இழுக்கிற அந்தக் குரல் மேலே ஏறி வந்தது. பழைய வரி இல்லை! புத்தம் புதுசு. அவள் வரியை அவள் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதில் எமன் வருகிறான், கொண்டை போட்ட பிள்ளை வருகிறான், ஆறிப் போன சூளைக்குள்ளிருந்து ஒரு கிழவியும் வருகிறாள்:

“………………………………………………………”

ரோசாலி சிரித்த சிரிப்பில் பல்செட்டைக் கையில் பிடிக்க வேண்டியதாயிற்று. மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு, “அத்த, நீங்களா இப்படியெல்லாம் பாடுறது?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். காசியம்மாள் ஒன்றுமே நடக்காத மாதிரி கத்தியை எடுத்து, “ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?” என்றாள்.

வந்தாள். புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கதிர் படாரென்று காலில் விழுந்தான்.

“ஆயா, மன்னிச்சிடுங்க ஆயா. தெரியாம சொல்லிட்டேன்.”

“எந்திரி தம்பி. அஞ்சலிக்கு எத்தன பேரு வந்தாங்க?”

“நூறு பேரு இருக்கும் ஆயா. எல்லாரும் எழுந்து நின்னாங்க.”

“நூறு பேரா!” காசியம்மாளுக்கு நிஜமாகவே சந்தோஷம். “நெசமா செத்தாக்கூட எங்க காலனியில இவ்ளோ பேரு வர மாட்டாங்களே…”

பாட்டு நன்றாக வந்தது. மூன்று ம்ம்ம் இருந்த இடத்தில் இப்போது இரண்டுதான். அந்த இரண்டுக்கும் ஐந்து பேரும் சேர்ந்து இழுத்தோம். கதிர் எழுந்து நிற்கவில்லை. அவனும் வாயை மூடிக்கொண்டு எங்களோடு இழுத்தான். கற்றுக்கொண்டான், பரவாயில்லை. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒளிந்து பாடினாலும் நன்றாகவே பாடியிருக்கிறோம்.

இதுவரை எழுதிவிட்டு நித்யா பேனாவைக் கடிக்கிறாள். “ஆயா, காசியம்மா ஆயா பாடின வரிய நீ சொல்லவே இல்லியே. நடுவுல புள்ளியா வச்சிருக்கேன். அங்க என்ன எழுதட்டும்?”

“ஒண்ணும் எழுதாத. எங்க, மொதல்லேந்து படி, கேக்குறேன். அந்த எடம் வந்தா நீயும் ம்ம்ம்னு இழுத்துட்டு மேல போ.”